ஸ்பெஷல் என்றதும் கைதட்டினாள்

மகளின் அப்பா:

இரண்டு நாளாக மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே கொட்டிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்குப் பதினைந்து வயது. டவுன் சிண்ட்ரோம். சிரிக்க வைக்கிற எதுவும் அவளுக்குப் பிடிக்கும். யாராவது வழுக்கி விழுந்தால், பெரிதாகத் தும்மினால், ஒருவர் சொன்னதை இன்னொருவர் தப்பாகக் காதில் வாங்கி ஏதோ உளறினால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அதனால் முதல் தடவையாக ஒரு ஸ்டாண்டப் காமெடி நிகழ்ச்சிக்கு அழைத்துப் போனேன். மூன்றாவது வரிசையில் இடம்.

அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் மேடையில் இருந்த நகைச்சுவையாளர் தன் மேனேஜர் கதையை எடுத்தார். அந்த மேனேஜருக்கு எதைச் சொன்னாலும் மண்டையில் ஏற நேரமாகுமாம். அதைக் காட்ட நாக்கை வெளியே தள்ளி, கண்ணைச் சொருகி, குரலைத் தடிக்க வைத்து, "பு...ரி...ய...ல... சா...ர்" என்று இழுத்தார். அரங்கமே அதிர்ந்தது. சிரிப்பு அடங்குவதற்குள், "ஆளு கொஞ்சம் ஸ்பெஷல் ஸ்கூல் கேஸ்" என்றார்.

என் மகள் கைதட்டினாள்.

பிறந்ததிலிருந்து நாங்கள் சொல்லிச் சொல்லி வளர்த்த வார்த்தை அது. நீ ஸ்பெஷல், உன் ஸ்கூல் ஸ்பெஷல், உன் டீச்சர் ஸ்பெஷல். மேடையில் ஒருவர் மைக்கில் அதைச் சொன்னதும் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துவிட்டாள். "அப்பா, நான்!" என்று கையையும் தூக்கினாள். முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்த முகத்தோடு திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் பட்டென்று முன்பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னொருவருக்கு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, அப்படியே கொஞ்ச நேரம் முகத்தில் வைத்திருந்தார்.

நான் எழுந்து கத்தவில்லை. நடுவில் வெளியேறவும் இல்லை. முடியும்வரை உட்கார்ந்திருந்தோம். வெளியே வந்ததும் "இன்னொரு தடவை வரலாமா?" என்று கேட்டாள்.

தடை போடுங்கள் என்று கேட்க வரவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. அந்த மேனேஜர் மந்தம் என்று காட்ட என் மகளின் நாக்கு எதற்கு? இவளைப் போன்ற பிள்ளைகளுக்குத் தசை தளர்வாக இருக்கும், வாயின் உள்ளிடம் சிறியது, அதனால்தான் நாக்கு வெளியே தெரிகிறது. புத்திக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. "அப்பா" என்று சொல்ல இரண்டு உதடும் ஒட்ட வேண்டும். அந்த "ப்" வருவதற்காக என் மனைவி கண்ணாடி முன்னால் அவளை உட்கார வைத்து, உதட்டை விரலால் மூடி மூடிக் காட்டினாள். இரண்டு வருடம். அவர் மேடையில் நாலு நொடியில் அதைச் செய்துவிட்டுப் போய்விட்டார்.

பழைய ரசிகன்:

படிக்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது சார். ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நகைச்சுவை என்றால் யாரையாவது தொட்டுத்தான் ஆகும். குண்டு, குள்ளம், கறுப்பு, மாமியார், மாப்பிள்ளை, யாரை விட்டார்கள்? எனக்கு முப்பது வயதிலேயே வழுக்கை. வழுக்கை ஜோக் வரும்போதெல்லாம் நண்பர்கள் என்னைத்தான் பார்ப்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் போகிறேன். ஒவ்வொருவரும் தனக்கு வலிப்பதை நீக்கச் சொன்னால் கடைசியில் மேடையில் மைக் மட்டும்தான் நிற்கும். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், இந்த மாதிரி எதற்கும் நீங்கள் சிரித்ததே இல்லையா?

காதுமெஷின்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். "ஒருவர் சொன்னதை இன்னொருவர் தப்பாகக் காதில் வாங்கி ஏதோ உளறினால்." அது என் வாழ்க்கை சார். செவிட்டுக் காமெடி என்று அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அதற்குச் சிரித்துவிட்டுத்தான் உங்கள் பதிவு இந்தப் பக்கம் திரும்பியது. திட்டவில்லை, சும்மா சொன்னேன்.

மகளின் அப்பா:

காதுமெஷின், எழுதும்போது துளிகூட உறைக்கவில்லை. மன்னியுங்கள். அந்த வரியைத் திருத்தாமல் அப்படியே விடுகிறேன்.

பழைய ரசிகன் கேட்டதற்குப் பதில் இருக்கிறது. எழுதக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

மைக் டெஸ்ட்:

நான் சின்னச் சின்ன மேடைகளில் ஸ்டாண்டப் செய்கிறவன். நீங்கள் பார்த்தவர் நான் இல்லை. ஆனால் நானாகவும் இருந்திருக்கலாம், அதனால்தான் எழுதுகிறேன்.

மேடையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஒரு பாத்திரத்தை நிறுத்த எங்களுக்குக் கிடைப்பது சில நொடிகள். குடிகாரன் என்றால் ஒரு தள்ளாட்டம், போலீஸ் என்றால் ஒரு தொப்பை, கிழவி என்றால் ஒரு கூன். ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த உருவத்தை எடுத்து ஒட்டிவிட்டுக் கதைக்குள் போய்விடுவோம். மந்தமான ஆள் என்றால் அந்த நாக்கு, அந்தக் குரல். யோசித்துச் செய்வதே இல்லை. எனக்கு முன்னால் செய்தவர்களைப் பார்த்து நான் செய்கிறேன், அவர்களும் அப்படித்தான் எடுத்திருப்பார்கள்.

ஆனால் ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் வருகிற சிரிப்பு ஜோக்குக்கு வருவதில்லை, முகத்துக்கு வருகிறது. ஜோக் பலவீனமாக இருக்கும்போதுதான் முகம் தேவைப்படும். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும், வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

அப்புறம், நாளைக்கு யாராவது தடைசெய்த வார்த்தைகள் என்று ஒரு பட்டியல் நீட்டினால் முதலில் எதிர்ப்பதும் நான்தான். லூசு, மெண்டல், நொண்டிச் சாக்கு, குருட்டு அதிர்ஷ்டம், எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் நாங்கள் எந்த பாஷையில் பேசுவது?

வகுப்பறை:

சிறப்புப் பள்ளியில் பதினெட்டு வருடமாக ஆசிரியை. தம்பி மைக் டெஸ்ட் பட்டியலைப் பற்றிச் சொன்னதால் இதைச் சொல்கிறேன்.

பட்டியல் போட்டு ஜெயிக்க முடியாது என்பது எங்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். இடியட், இம்பெசைல், மோரான் மூன்றும் ஒரு காலத்தில் மருத்துவச் சொற்கள். புத்திக்கூர்மை அளவை வைத்துப் பிள்ளைகளை அப்படித்தான் மூன்று படியாகப் பிரித்தார்கள். மோரான் என்ற சொல்லை 1910இல் ஹென்றி காடர்ட் என்ற உளவியலாளர் அதற்காகவே உருவாக்கினார். அதெல்லாம் தெருவுக்கு வந்து வசவாகிவிட்டது என்று வேறு சொல் கொண்டுவந்தார்கள். அதுவும் வசவானது. அமெரிக்காவில் 2010இல் ரோசா என்ற சிறுமியின் பெயரால் ஒரு சட்டமே போட்டு, மத்திய அரசின் சட்டங்களில் இருந்த "மனவளர்ச்சி குன்றிய" என்ற சொல்லை "அறிவுசார் குறைபாடு" என்று மாற்றினார்கள். பிரிட்டனில் பெருமூளை வாதம் உள்ளவர்களுக்கான பெரிய அமைப்பு ஒன்று ஸ்பாஸ்டிக் என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்திருந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் திட்ட அந்தச் சொல்லையே பயன்படுத்தியதால், அமைப்பு 1994இல் தன் பெயரை ஸ்கோப் என்று மாற்றிக்கொண்டது.

டவுன் சிண்ட்ரோம் கதை இன்னும் மோசம். 1866இல் லாங்டன் டவுன் என்ற மருத்துவர் இதை விவரித்தபோது, அந்தப் பிள்ளைகளின் முகச்சாயலைப் பார்த்து ஒரு இனத்தின் பெயரையே நோய்க்கு வைத்தார். மங்கோலியா ஆட்சேபித்த பிறகு, 1965இல்தான் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிட்டது.

தமிழிலும் இதே ஓட்டம்தான். ஊனமுற்றோர் என்பது மாற்றுத்திறனாளி ஆனது. நல்ல எண்ணத்தில் வந்த சொல். இப்போது என் வகுப்புக்கு வெளியே பெரிய பிள்ளைகள், பந்தைக் கோட்டை விட்டவனை "டேய் மாற்றுத்திறனாளி" என்று கூப்பிடுகிறார்கள். சார் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த "ஸ்பெஷல்" வரிசையில் அடுத்தது. அதை வைத்துத்தான் அவளை அடித்திருக்கிறார்கள், அவள் அதற்குக் கைதட்டியிருக்கிறாள். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை எனக்கு.

ஆக, குப்பி மாறிக்கொண்டே இருக்கும், உள்ளே இருப்பது அதேதான். அதனால் வார்த்தை முக்கியமில்லை என்று முடித்துவிடாதீர்கள். என் பிள்ளைகளுக்கு முழு வாக்கியம் புரியாமல் போகலாம். தொனி புரியும். சார் மகள் விதிவிலக்கு, வீட்டில் அவ்வளவு நன்றாக வளர்ந்திருக்கிறாள். மற்ற பிள்ளைகள் அந்தக் குரலை எங்கே கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

நெறியாளர்:

ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். "அப்படிப்பட்ட பிள்ளையை எதற்கு அங்கே கூட்டிப் போனீர்கள்" என்ற பாணியில் இங்கே யாரும் எழுத வேண்டாம். டிக்கெட் வாங்கினால் யாரும் போகலாம்.

திக்குத்திலகம்:

பேர் நானே வைத்துக்கொண்டது, யாரும் வருத்தப்பட வேண்டாம். ஆறு வயதிலிருந்து திக்குகிறேன். எழுதும்போது திக்காது. அதனால் இணையத்தில் நான் ஒரு பெரிய பேச்சாளன்.

முதலில் அப்பா அம்மாக்களுக்கு. உங்கள் வலி புரிகிறது. ஆனால் எங்களுக்காக நீங்கள் கோபப்படும்போது பல நேரம் எங்களிடம் கேட்பதில்லை. என் அம்மா டிவியில் திக்குவாய் காமெடி வந்தாலே ஓடிவந்து சேனலை மாற்றுவார். அதுவரை சாதாரணமாக உட்கார்ந்திருந்த சித்தப்பா, மாமா எல்லோரும் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஜோக்கைவிட அந்த ரிமோட் அதிகமாக வலித்தது.

இரண்டாவது, பழைய ரசிகனுக்கு. வழுக்கையும் இதுவும் ஒன்றில்லை அண்ணா. வழுக்கை என்பதற்காக யாரும் உங்களை இண்டர்வியூவில் வெளியே அனுப்பவில்லை. மேடையில் திக்கிக் காட்டியவர் மைக்கை வைத்ததும் சரளமாகப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போகிறார். நான் மறுநாள் காலை பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்ல வாயைத் திறந்தால், பின்சீட்டில் ஒருவன் அந்த ஜோக்கை எனக்கு முன்னால் முடித்துவைக்கிறான். அதனால் இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்திருக்கிறேன். நான் இறங்கிய ஊர்ப் பெயரில் "ப" வராது.

மூன்றாவது, எனக்குக் காமெடி பிடிக்கும். எங்களை விட்டுவிடுங்கள் என்று கேட்கவே மாட்டேன். பிரிட்டனில் லீ ரிட்லி என்று ஒருவர், பேசவே முடியாது. தட்டச்சு செய்ததை மெஷின் பேசும். அதை வைத்துக்கொண்டே 2018இல் பிரிட்டன்ஸ் காட் டேலண்ட் போட்டியில் பட்டத்தை அடித்துக்கொண்டு போனார். பெருமூளை வாதம் உள்ள ஜாஷ் ப்ளூ 2006இலேயே அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஸ்டாண்டப் போட்டியில் ஜெயித்துவிட்டார். அவர்கள் பேச்சில் உடம்பு வருகிறது, ஊனம் வருகிறது, எல்லாம் வருகிறது. மாட்டிக்கொண்டு முழிப்பது மட்டும் எதிரில் இருப்பவன். கைகுலுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்பானே, அவன். அந்த ஆளை ஏன் யாரும் மிமிக்ரி செய்வதில்லை? அவனைப் போல் லட்சம் பேர் இருக்கிறார்கள்.

மகளின் அப்பா:

பழைய ரசிகன் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எழுத வேண்டியதாகிவிட்டது. திக்குத்திலகம் வந்த பிறகு எழுதாமல் இருந்தால் அது பொய்.

கல்லூரியில் நான் மிமிக்ரி செய்வேன். எங்கள் பேராசிரியர் ஒருவருக்குத் திக்கும். வருகைப் பதிவு எடுக்கும்போது சில பெயர்களில் மாட்டிக்கொள்வார், கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணை மூடிக்கொள்வார். அதை அப்படியே ஆண்டு விழா மேடையில் செய்தேன். கழுத்து நரம்பு உட்பட. முதல் பரிசு. அவரும் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். சிரித்தார். மறுநாள் வகுப்பில் என்னைப் பார்த்து "ந...நன்றாகச் செய்தாய்" என்றார். பாராட்டு என்றே இருபத்தைந்து வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் அவர் வருகைப் பதிவைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் எண்ணைச் சொல்லி எடுக்க ஆரம்பித்தார். ஏன் என்று எனக்கு முந்தாநாள் இரவுதான் தோன்றியது.

திக்குத்திலகம்:

முதல் பரிசா! முப்பது வருடமாக ஒரிஜினலாகச் செய்துகொண்டிருக்கிறேன், எனக்கு ஆறுதல் பரிசுகூட வந்ததில்லை.

சொன்னதற்கு நன்றி அண்ணா. அவர் எண்ணுக்கு மாறியது உங்களால் மட்டும் இருக்காது. நாங்கள் எல்லோருமே எப்போதாவது எண்ணுக்கு மாறுகிறோம்.

கோர்ட் படியேறி:

சட்டப் பக்கம் யாரும் தொடவில்லை, சுருக்கமாக. இந்திய உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 8 அன்று ஒரு திரைப்பட வழக்கில் இதைத்தான் பேசியது. மாற்றுத்திறனாளியைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை ஒன்று, அவர்களைப் பற்றி ஊருக்கு இருக்கும் தப்பான எண்ணத்தை உடைக்கும் நகைச்சுவை வேறு, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றது. படைப்பாளிகளுக்கு வழிகாட்டு நெறிகளையும் சொன்னது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 92ஆம் பிரிவு இருக்கிறது. பொதுமக்கள் பார்வையில் வேண்டுமென்றே அவமதித்தால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. "வேண்டுமென்றே" என்பதில்தான் எல்லாம் நிற்கும். மைக் டெஸ்ட் சொன்ன மாதிரி யோசிக்காமல் செய்தவரிடம் அதை நிரூபிப்பது கஷ்டம்.

கனடாவில் இது உச்ச நீதிமன்றம்வரை போனது. மைக் வார்ட் என்ற நகைச்சுவையாளர், முகத்தைப் பாதிக்கும் பிறவிக் குறைபாடு உள்ள ஓர் இளம் பாடகரை வைத்து நிகழ்ச்சிகளில் ஜோக் அடித்தார். அந்தப் பையனின் பள்ளியில் மற்ற பிள்ளைகள் அதே ஜோக்குகளைத் திருப்பிச் சொன்னார்கள். கீழே பையன் பக்கம் தீர்ப்பாகி நஷ்டஈடும் கொடுக்கச் சொன்னார்கள். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நகைச்சுவையாளர் பக்கம் நின்றது. ஒன்பது நீதிபதிகளில் 5 பேர் அவர் பக்கம், 4 பேர் பையன் பக்கம். ஒரு நீதிபதி மனம் மாறியிருந்தால் தீர்ப்பே வேறு.

பழைய ரசிகன்:

ஒன்பது நீதிபதிகளே பிரிந்து நின்றார்கள் என்றால் நான் குழம்புவது தப்பில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

திக்குத்திலகம் தம்பி, அந்த இண்டர்வியூ விஷயம் எனக்குத் தோன்றவில்லை. அது சரி. ஆனாலும் பழைய படங்களில் வருவதையெல்லாம் இப்போது போய் வெட்டச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

திக்குத்திலகம்:

யார் கேட்டார்கள் அண்ணா? பழையது கிடந்துவிட்டுப் போகட்டும். எழுதிக்கொண்டிருப்பதைத்தான் கேட்கிறேன். அமெரிக்கப் பாடகி லிஸ்ஸோ 2022இல் ஒரு பாட்டில் ஸ்பாஸ்டிக்கிலிருந்து வந்த அந்தக் குட்டைச் சொல்லைப் போட்டிருந்தார். ஊனமுற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். சில நாளிலேயே வரியை மாற்றிப் பாடி வெளியிட்டார். வானம் இடிந்து விழவில்லை, பாட்டும் ஓடியது.

மைக் டெஸ்ட்:

சரி, பேசிக்கொண்டே இருந்தால் ஆகாது. அந்த மேனேஜர் ஜோக்கை எடுத்துக்கொண்டு நேற்று ராத்திரி உட்கார்ந்தேன். விதி ஒன்றுதான்: நாக்கு கிடையாது, குரல் கிடையாது, ஸ்கூல் கிடையாது. மேனேஜர் மட்டும்.

முதல் முயற்சி: "எங்க மேனேஜருக்கு மெயில் அனுப்பினா பதில் வர்றதுக்குள்ள எனக்கு ப்ரமோஷன் வந்துடும்." பரவாயில்லை ரகம். யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

நாலாவது முயற்சி: "எங்க மேனேஜர்கிட்ட ஒரு ஜோக் சொன்னேன். முகத்துல ஒண்ணுமே இல்ல. அடுத்த வாரம் மீட்டிங். 'சென்ற கூட்டத்தின் நடவடிக்கைகள்'னு வாசிக்கிறாங்க. அப்பதான் சிரிச்சார்."

இதைச் செய்யும்போது முகம் எப்படி வைத்துக்கொள்வது என்று பார்த்தேன். ஒன்றும் செய்யக்கூடாது என்று தெரிந்தது. சும்மா ஃபைலைப் பார்க்கிற மாதிரி நிற்க வேண்டும். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

காதுமெஷின்:

இது படிக்கும்போதே சிரிப்பு வந்தது. எனக்குப் பாதி காமெடி குரல் ஏற்ற இறக்கத்திலேயே போய்விடும், காதில் சேராது. குரலை நம்பாத ஜோக் என்றால் எனக்கும் பங்கு கிடைக்கும்.

திக்குத்திலகம்:

நாலாவது தேறும். மூன்றாவதை ஏன் மறைத்தீர்கள்?

மைக் டெஸ்ட்:

அதில் கிழவி வந்தாள். கூனோடு.

வகுப்பறை:

அந்தப் பஞ்சாயத்துக்குத் தனி இழை போடுங்கள் தம்பி.

மகளின் அப்பா:

நேற்று ராத்திரி அந்த நாலாவதை மகளிடம் சொன்னேன். மிமிக்ரி பழக்கம் போகவில்லை, கையைக் கட்டிக்கொண்டேன். கேட்டுவிட்டு "மீட்டிங்னா?" என்றாள். எல்லோரும் உட்கார்ந்து பேசுவது என்றேன். "சென்ற கூட்டம்னா?" போன வாரம் பேசினது என்றேன். ம் என்றாள். சிரிக்கவில்லை. சரி, எல்லாமும் எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று இருக்கிறதா என்று விட்டுவிட்டேன்.

படுக்கப் போகும் முன் குளியலறையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சிரித்தாள். கண்ணாடி முழுக்க நுரை. என்னம்மா என்று ஓடினேன். பிரஷை வாயிலிருந்து எடுக்காமலே, "மேனேஜர்!" என்றாள்.

மணி பார்த்தேன். ஜோக் சொல்லி ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

திக்குத்திலகம்:

மேனேஜரைவிட ஒரு வாரம் முன்னாடி.